தங்கச்சன் பாஸ்டர் சொல்லாத வார்த்தை

பதினெட்டு வயதிலேயே இசக்கிசெல்விக்கு மீசை நரைத்துவிட்டது. திருவல்லாவில் ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது, நான்கு பிள்ளைகள் இருந்தார்கள், மூட்டுவலிக்காரியான ஒரு மனைவியும் இருந்தாள். இத்தனையையும் அவளே மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள். எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருந்த நூற்றைம்பது பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்று மலையாளத்தில் பிரசங்கம் செய்தவர் தங்கச்சன் பாஸ்டர். அவர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்குவதற்குள் அதைத் தமிழில் சொல்லவேண்டியவள் இவள். அவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’. அவர் கையைத் தூக்கினால் இவளும் தூக்கவேண்டும், அவர் அழுதால் இவளும் அழவேண்டும். அந்த வேலை அப்படி.

மட்டாஞ்சேரி கடைவீதியில் சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு குடோனின் மாடியில் இருந்தது அந்தச் சபை. கீழே சுக்கு புடைக்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேலே ஏறுவார்கள். எல்லாரும் தமிழ் ஆட்கள். பாஸ்டருக்கோ தமிழ் காதில் ஏறும், நாக்கில் ஏறாது.

இசக்கி முதலில் அந்த மாடிக்கு ஏறியது சாமிக்காக இல்லை, சாப்பாட்டுக்காக. அம்மா சீனியம்மாள் கீழே குடோனில் சுக்கு புடைக்கிறவள். அப்பா மாடசாமி தென்காசிப் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்தவர். இசக்கிக்கு ஒன்பது வயதாகும்போதே காசநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டு, இருமல் நின்றதும், "நமக்குச் சரியாப் போச்சு, இன்னும் எதுக்கு இந்தக் கசப்பு" என்று நிறுத்தினார். நோய் திரும்பி வந்தபோது எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. அது இசக்கிக்கு மறக்கிற விஷயமா?

பதினேழாவது வயதில் ஒரு ஞாயிறு, அம்மாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தவள் மேலேயிருந்து வந்த பாட்டைக் கேட்டாள். கைத்தட்டலும் தம்பட்டமுமாகத் தமிழ்ப் பாட்டு. பள்ளிக்கூடத்தில் அவளைப் ‘பாண்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து தமிழ் வந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான். இங்கே என்னடாவென்றால் நூறு பேர் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி தமிழில் பாடுகிறார்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்! சோற்று வாளியோடு படியேறிப் போய் வாசலில் நின்றாள். யாரோ ஒரு அக்கா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். அம்மாவுக்கு அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் சோறு கிடைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண் விசுவாசித்த மாதிரி யாரும் விசுவாசித்திருக்க மாட்டார்கள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. காதால் பாடம் பண்ணிய பாட்டைச் சபைப் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடி, ‘இது க, இது தே’ என்று ஆறே வாரத்தில் படிக்கக் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை உபவாசம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஜெபம். தன் பெயரை ஒருவர் அறிந்து வைத்திருக்கிறார், இந்தச் சந்துக்குள் இருக்கிற தன்னை அவருக்குத் தெரியும் என்று நினைக்கும்போதே அவளுக்கு நெஞ்சு விம்மும். கும்பளங்கிக் காயலில் இடுப்பளவு தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். குலசாமி பெயர் வேண்டாம், எஸ்தர் என்று மாற்றலாம் என்று சபையில் சிலர் சொன்னபோது சீனியம்மாள் முறத்தோடு படியேறி வந்துவிட்டாள்.

"எம்மவ பேர மாத்தணும்னா மொதல்ல என்னைய மாத்துங்க!"

தங்கச்சன் பாஸ்டர் சிரித்துவிட்டார். "அம்மச்சி, இசக்கின்னு விளிச்சாலும் கர்த்தாவு கேக்கும். பேரு அங்ஙனெ இருக்கட்டே." நல்ல மனுஷன். இதை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

முன்னால் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்கு விமானம் ஏறியதும், "ஒரு ஞாயிறு மாத்திரம் நில்லு மோளே" என்று பாஸ்டர் இவளைக் கூப்பிட்டார். அந்த ஒரு ஞாயிறு பன்னிரண்டு வருஷம் நீண்டது. அவர் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டார்: "கூட்டண்டா, குறைக்கண்டா." கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இசக்கி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஐந்து வருஷம் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் வீரலட்சுமி வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, நாற்பது வயது, புருஷன் விட்டுப்போனவள், ஒரு பெண்பிள்ளையோடு சுக்கு புடைக்க வந்தவள். மலையாளம் மருந்துக்கும் தெரியாது. வந்த இரண்டாவது மாதமே இருமல், இரத்தம். காசநோய் என்று சொல்லி ஆறு மாத மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் கழிந்து ஒரு ஞாயிறு, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டு, இருமல் இல்லாமல், சாட்சி சொல்ல முன்னால் வந்து நின்றாள்.

"ஆண்டவர் எனக்குச் சொகம் குடுத்துட்டாருய்யா" என்று அவள் அழுதாள். சபை அழுதது. பாஸ்டருக்கும் தாங்கவில்லை. கண்ணை மூடி, அவள் தலைமேல் கை வைத்து, உரத்த குரலில் சொன்னார்:

"மோளே, இனி மருந்நொன்னும் வேண்டா! விச்வாசம் மதி!"

இனி மருந்து எதுவும் வேண்டாம், விசுவாசம் போதும். அவ்வளவுதான். அடுத்த மூச்சுக்குள் இது தமிழில் வரவேண்டும். இசக்கி வாயைத் திறந்தாள். கண்ணுக்குள் அப்பா. மாத்திரை அட்டையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு மீசையை முறுக்கிச் சிரிக்கிற அப்பா.

"மகளே, மருந்தை நிறுத்தாதே!" என்றாள், பாஸ்டருடைய அதே உயரத்தில், அதே நடுக்கத்தோடு. "ஆறு மாதமும் விடாமல் சாப்பிடு! அந்த மருந்தும் கர்த்தர் கொடுத்ததுதான்!"

"அல்லேலூயா!" என்றது சபை. பாஸ்டர் கண் மூடியபடியே அடுத்த வரிக்குப் போய்விட்டார். மலையாளம் நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மாடியில் பாதிப்பேர் இருந்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. கவனிக்காமல் இருந்திருக்கலாம், அல்லது அவர்கள் வீட்டிலும் யாராவது இருமியிருக்கலாம். இசக்கியோ அன்று இரண்டு நேரம் சாப்பிடாமல் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வீரலட்சுமி ஆறு மாதமும் விடாமல் சாப்பிட்டாள். பிழைத்தாள். அதற்குப் பிறகு வருஷாவருஷம் அந்த ஞாயிறன்று எழுந்து நின்று சாட்சி சொன்னாள்: "மத்தவங்கன்னா மருந்தத் தூக்கிப் போடுன்னு சொல்லியிருப்பாங்க. எங்க பாஸ்டர் வாயால ஆண்டவர் என்ன சொன்னாரு தெரியுமா? ஆறு மாசமும் விடாமச் சாப்பிடுன்னாரு!"

முதல் வருஷம் இதைக் கேட்டபோது பாஸ்டர் நெற்றியைச் சுருக்கி இசக்கியைத் திரும்பிப் பார்த்தார். இசக்கி பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்தாள். இரண்டாம் வருஷம் அவர் தலையாட்டினார். மூன்றாம் வருஷம் நடந்ததைக் கேளுங்கள். கலூரில் பெரிய கன்வென்ஷன், ஆயிரம் பேர். பாஸ்டர் மேடையில் நின்று, தொண்டை தழுதழுக்க, "ஞான் அன்னு ஆ சகோதரியோடு பறஞ்ஞு", அன்றைக்கு நான் அந்தச் சகோதரியிடம் சொன்னேன், என்று ஆரம்பித்து, மருந்தை நிறுத்தாதே என்று கர்த்தர் தன் நாவில் தந்த வார்த்தையை விவரித்தார். பொய் சொல்கிற மனுஷனில்லை அவர். முழுமனதோடு அதை நம்பினார். பக்கத்தில் நின்ற இசக்கி, தான் பயத்தில் இட்டுக்கட்டிய அந்த வரியை, தேவ வாக்காக மலையாளத்தில் கேட்டு, திரும்பத் தமிழில் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆயிரம் பேர் எழுந்து நின்று துதித்தார்கள்.

அன்றைக்கே விசுவாசம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். அது அப்படி ஒரேயடியாகப் போகிற சாமானில்லை. இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியுமே, அப்படியானால் மற்ற வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு கேள்வி மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தது. அவளும் அதை விரட்டிப் பார்த்தாள். உபவாசத்தைக் கூட்டினாள். முழங்காலில் நின்றாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒரு சாயா மட்டும் குடித்துக்கொள்ளலாம் என்று ஆனது. நாலரை மணி ஜெபம் ஆறு மணிக்கு நகர்ந்து, அப்புறம் பஸ்ஸுக்குள் நகர்ந்து, தோப்பும்படிப் பாலம் தாண்டுவதற்குள் முடிந்துபோயிற்று. கல்யாணம், ஒரு பெண்குழந்தை, அம்மாவின் கண் ஆபரேஷன். ஒருநாள் சட்டென்று நினைத்துப் பார்த்தால், கடைசியாக எப்போது ஜெபித்தோம் என்றே ஞாபகம் வரவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பசித்தது. எழுந்து தோசை சுட்டாள்.

தொண்டையில் கோளாறு என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். அவர் தொண்டைக்காக ஜெபித்து அனுப்பிவைத்தார். உண்மையை அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு குறை மட்டும் அவளுக்கு இன்றைக்கும் உண்டு.

விசுவாசம் போனாலும் அது கொடுத்த தமிழ் போகவில்லை. அந்தத் தமிழை வைத்துத்தான் எர்ணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தமிழ் நோயாளிகளுக்கும் மலையாள டாக்டர்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலை. முதல் நாள், தேனியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் பழக்கதோஷத்தில் பிரசங்கத் தமிழில் "பயப்படாதிரும்" என்று சொல்லிவிட்டாள். அந்த மனுஷன் கட்டிலிலிருந்து எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். வார்டே சிரித்தது, இசக்கியும் சிரித்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை, அது அவளுக்கே தெரியும். டாக்டர் முகத்தைச் சுளித்தால் அதைக்கூட மொழிபெயர்த்துவிடுவாள்.

போன மார்ச்சில் அந்த ஆஸ்பத்திரிக்கு வீரலட்சுமி வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. மார்பில் கட்டி. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னதை இசக்கி சொன்னாள்: புற்றுதான், ஆனால் ஆரம்பம், இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் சொல்வதற்கில்லை.

வீரலட்சுமி கலங்கவில்லை. "பொறுப்போம்" என்றாள். "எனக்கு இன்னும் வார்த்தை வரல."

"என்ன வார்த்தைக்கா?"

"ஆண்டவர் வார்த்தைதான். அன்னைக்குப் பாஸ்டர் வாயால வந்துச்சுல்லா? மருந்தச் சாப்பிடுன்னு. அது மாதிரி ஒண்ணு வரட்டும், கத்திய வைக்கச் சொல்லுதேன். இப்ப இருக்க பாஸ்டர்ட்ட கேட்டேன். ‘ஜெபம் பண்ணி நீங்களே முடிவெடுங்கம்மா’ங்காரு. அது ஒரு வார்த்தையா?"

ஒரு வாரம் போயிற்று. வீரலட்சுமியின் மகள் அமுதவள்ளி போனில் அழுதாள். "சித்தி, நீங்க சொன்னா அம்மா கேக்கும். எப்படியாச்சும் சம்மதிக்க வைங்க." எப்படியாவது என்றால் எப்படி? இசக்கிக்கு ஒரு வழி நன்றாகத் தெரிந்திருந்தது. ‘பாஸ்டர் கனவில் வந்தார் அக்கா, ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னார்’ என்று சொன்னால் போதும். அந்தக் குரல், அந்த மூச்சு, அந்தக் கைத்தூக்கல் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு நிமிஷ வேலை. ஒருமுறை செய்தவள்தானே!

மறுநாள் வீரலட்சுமியை ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தாள். சாயா வந்தது. பொய்யைத்தான் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அதை நம்புவதற்கு வீரலட்சுமி கண்ணை அகலத் திறந்துகொண்டு காத்திருந்ததைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. ஒரு பொய்யால் பதினெட்டு வருஷம் ஒருத்தியை நம்பவைத்தது போதாதா? இனி அடுத்த நோய்க்கும் இவள் இப்படித்தானே வார்த்தைக்குக் காத்து உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, அன்னைக்குப் பாஸ்டர் மருந்து வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றாள். "விசுவாசம் போதும்னாரு. மலையாளத்துல. ஆறு மாசம் சாப்பிடுன்னு சொன்னது நான்."

வீரலட்சுமி சாயாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஆண்டவர் உன் வாய்ல பேசியிருக்காருட்டி."

"இல்லக்கா. எங்கப்பன் மாத்திரைய நிறுத்திச் செத்தாரு. அத நெனச்சுப் பயந்து சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா, எனக்கு இப்ப அந்த நம்பிக்கையே இல்லக்கா. போயி எத்தனையோ வருஷமாச்சு."

கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி வீரலட்சுமி எழுந்தாள். "அடிப் பாவி! பதினெட்டு வருஷம்! சபை முன்னால என்னப் பொய்ச்சாட்சி சொல்ல வச்சிட்டியேட்டி! வருஷா வருஷம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடந்தாள். சாயா ஆடை படர்ந்து அப்படியே இருந்தது.

மூன்று நாள் போன் எடுக்கவில்லை. நாலாம் நாளும் எடுக்கவில்லை. இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று ஒரு உயிரைச் சாவு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டோமே, பேசாமல் அந்தக் கனவையே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த நாட்களில் யாரிடமாவது ஜெபிக்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது நிஜம். முடியவில்லை என்பதும் நிஜம்.

ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஒரு துணிப்பையும் மகளுமாக வீரலட்சுமி ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர்ட்ட சொல்லு, வந்துட்டேன்னு."

இசக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வார்த்தை வந்துச்சாக்கா?"

"ஒரு மண்ணும் வரல. யோசிச்சேன். பாஸ்டர் சொல்லிப் பொழச்சேன்னு அவர் பேச்சக் கேக்கக் காத்திருந்தேன். நீ சொல்லித்தான் பொழச்சிருக்கேன்னா, பின்ன உன் பேச்சத்தான கேக்கணும்? ஆனா எங்கிட்ட மறைச்சதுக்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கல. அது தனி."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுகட்டிலில் படுத்தபடி வீரலட்சுமி கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தாள். நர்ஸ் ஸுப்ரியா பதறினாள். "எந்தா சேச்சி இவர் பறயுன்னே? வேதன உண்டோ?" இவள் என்ன சொல்கிறாள், வலிக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாகவேண்டும். இசக்கி குனிந்து கேட்டு, வரிக்கு வரி மலையாளத்தில் சொல்ல ஆரம்பித்தாள். பதினோரு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு ஜெபம்.

"ஆண்டவரே, நான்தான் வீரலட்சுமி வந்திருக்கேன். இந்த டாக்டர் சின்னப் பையனா இருக்காரு. கை நடுங்காமப் பாத்துக்கிடும்."

இசக்கி சொன்னாள். ஸுப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"எம்மவ காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அவளச் சாப்பிட வையும்."

இசக்கி அதையும் சொன்னாள்.

"இங்க நிக்காளே இசக்கி, இவளுக்கு உம்மமேல நம்பிக்க போயிட்டாம். அதுக்கு இவளக் கோவிச்சுக்கிடாதேயும். இவ சொன்ன பொய்யிலதான் நான் உசிரோட இருக்கேன். அந்தப் பாவத்த எங்கணக்குல எழுதிக்கிடும்."

ஸுப்ரியா காத்திருந்தாள். இதில் ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன்னைத் தானே விரலால் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். நம்பிக்கை போனதைச் சொன்னாள், பொய்யைச் சொன்னாள், பாவம் யார் தலையில் என்பதையும் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஸுப்ரியா ஒன்றும் கேட்காமல் அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுக் கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

இரண்டரை மணி நேரம் இசக்கி அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. நடுவில் அமுதவள்ளிக்கு இரண்டு இட்லி வாங்கிவந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வெளியே வந்தார். முழுசாக எடுத்தாயிற்று, நன்றாக முடிந்தது என்றார். கூடவே ஒன்று சொன்னார். பிற்பகல் வார்டில் வீரலட்சுமி மெல்லக் கண் திறந்ததும் இசக்கி அவள் காதருகே குனிந்தாள்.

"நல்லபடியா முடிஞ்சிருச்சுக்கா. இனி ஆறு மாசம் மருந்து இருக்காம். ஒண்ணுகூட விடாம எடுக்கணுமாம்."

மயக்கம் தெளியாத அந்தக் கண் அவளைச் சந்தேகமாகப் பார்த்தது. உதடு காய்ந்திருந்தது. இருந்தாலும் கேள்வி தெளிவாக வந்தது.

"இது டாக்டர் சொன்னதா, இல்ல நீயாச் சொல்லுதியா?"

"டாக்டர்தாங்க்கா சொன்னாரு" என்றாள் இசக்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "நானும் சொல்லுதேன்."